மரக்காணம் உப்பளத்துக்கு மெஷின் வந்தாச்சா? யாருடைய வேலை மாறுது?

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரி போகிறவர்கள் மரக்காணத்தைத் தவறவிட முடியாது. சாலையோரம் கட்டம் கட்டமாகப் பாத்திகள், வரப்போரம் வெள்ளை வெளேரென உப்பு அம்பாரங்கள். விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கடலோரத்தில் சுமார் 3,500 ஏக்கரில் உப்பு விளைகிறது. ‘ஏஐ நம்ம வேலையை எடுத்துடுமா?’ என்று ஐ.டி. அலுவலகங்களில் பேச்சு ஓடும் நேரத்தில், அந்தக் கேள்விக்கு இந்த உப்பளங்களிலும் ஒரு பதில் இருக்கிறது.

உப்பு எப்படி விளைகிறது?

மண் தரையைக் காலால் மிதித்து இறுக்கிப் பாத்தி கட்டுவதுதான் தொடக்கம். பிறகு உப்பு நீரைப் பாய்ச்சி, வெயிலில் படிப்படியாக வற்ற விடுவார்கள். நீரின் அடர்த்தியை ‘டிகிரி’ கணக்கில் சொல்வார்கள். கடல்நீர் சுமார் 3 டிகிரி; 25 டிகிரியைத் தொட்டால் உப்பு படியத் தொடங்கும். 30ஐ நெருங்கினால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து கசக்கும். படிந்த உப்பைப் பலகையால் வாரி, வரப்புக்குச் சுமந்து கொட்ட வேண்டும். ஜனவரியில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை வரும்வரை இதே வேலைதான்.

மெஷின் எங்கே வந்தது?

இரண்டு ஓரங்களில் வந்துவிட்டது. ஆரம்பத்தில், நீர் இறைக்க மோட்டார். கடைசியில், போக்குவரத்தும் பாக்கெட்டும். ஒரு காலத்தில் பக்கிங்காம் கால்வாயில் படகேறிப் போன உப்பு, இன்று லாரியில் போகிறது. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்க 2006இல் தடை வந்த பிறகு, கழுவுவது, உலர்த்துவது, அயோடின் கலப்பது, எடை போட்டு பாக்கெட் செய்வது எல்லாம் பெரிய ஆலைகளில் இயந்திரத்தின் கைக்குப் போய்விட்டது.

நடுவில் இருக்கும் வேலை மட்டும் அப்படியே இருக்கிறது: மிதிப்பது, வாருவது, சுமப்பது.

ஏன் அங்கே மட்டும் வரவில்லை?

மெக்சிகோவின் குவெரேரோ நெக்ரோவில் ராட்சத அறுவடை இயந்திரங்கள் உப்பை வெட்டி அள்ளுகின்றன. அங்கே பாத்திகள் மிகப் பெரியவை. தரையே கெட்டியான உப்புப் படுகை. மரக்காணத்தில் சின்னச் சின்னப் பாத்திகள், அடியில் களிமண். கனரக வண்டி இறங்கினால் சக்கரம் புதையும், சேறு கலந்து உப்பின் நிறமே மாறிவிடும். ஆக, தொழிலாளியைக் காப்பாற்றி வைத்திருப்பது சட்டமல்ல, களிமண்.

அப்போ மெஷினே வேண்டாமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆய்வு செய்தபோது, சுமார் பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் உழைப்பது தெரியவந்தது. உப்பு நீரில் வெடிக்கும் பாதம், கண் கூசும் வெள்ளை வெளிச்சம் எல்லாம் தனிக்கதை. சுமையை இறக்கி வைக்கும் எந்தக் கருவியும் உடம்புக்கு நல்லதே.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தலைச்சுமை வேலையில் பெரும்பாலும் பெண்கள். ஒரு கன்வேயர் வந்தால் முதலில் போவது அவர்களுடைய தினக்கூலி. அந்த கன்வேயரை இயக்கும் வேலை அவர்களுக்கே கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

குஜராத் சொல்லும் பாடம்

கட்ச் சிறு ரண் பகுதியில் உப்பு விளைவிக்கும் அகரியா மக்களின் வருமானத்தில் பெரும்பங்கை டீசல் தின்றுகொண்டிருந்தது. அரசு மானியத்தில் சோலார் பம்ப் வந்ததும் அந்தச் செலவு குறைந்தது. பம்ப் அவர்களுடையது என்பதால் மிச்சமான பணமும் அவர்களுக்கே வந்தது. அதே பம்ப் குத்தகைதாரருடையதாக இருந்தால், கூலிக்காரரின் சம்பளம் தானாக ஏறாது.

என்ன திறன் தேவைப்படும்?

• அடர்த்தியை மீட்டரில் அளந்து, தண்ணீரைச் சரியான நேரத்தில் பாத்தி மாற்றுவது
• மோட்டார், சோலார் பேனல் பராமரிப்பு
• அயோடின் அளவுச் சோதனை
• பாக்கெட் இயந்திரத்தை இயக்குவது

இதில் முதலாவது, அனுபவசாலிகளுக்கு ஏற்கெனவே கண்ணளவில் அத்துபடி. அவர்களுக்குத் தேவை ஒரு மீட்டரும் சில நாள் பயிற்சியும்தான். ஆனால் அந்த அறிவுக்கு இன்றுவரை சான்றிதழும் இல்லை, தனிச் சம்பளமும் இல்லை.

அரசு தரப்பில்?

உற்பத்தி நிற்கும் மழைக்கால மாதங்களுக்கு, தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கியது. அரசின் உப்பு நிறுவனம் அதே ஆண்டு ‘நெய்தல்’ உப்பை அறிமுகப்படுத்தியது. வேலை இல்லாத அந்த மாதங்களே பயிற்சிக்கு ஏற்ற காலமும்கூட. நிவாரணத்தோடு பயிற்சியும் சேர்ந்தால், மெஷின் பாத்திக்குள் இறங்கும் நாளில் அதை இயக்கும் கை, இன்று உப்பு சுமக்கும் கையாகவே இருக்கலாம்.