நாலு அறை விட்டால் சரியாகிவிடுவானா?

வடசென்னையின் கொடுங்கையூரில் பிள்ளை ‘சொல்யூஷன்’ இழுக்கிறான் என்று தெரிந்ததும் அப்பாக்கள் முதலில் கேட்பது இதைத்தான். டீயைக் குடியுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

சொல்யூஷன் என்பது பஞ்சர் ஒட்டுகிற பசை. துணியிலோ பிளாஸ்டிக் கவரிலோ பிதுக்கி, மூக்கருகே வைத்து மூச்சை இழுக்கிறார்கள். ஒயிட்னரும் தின்னரும் இதே வகைதான். இவற்றில் இருக்கும் டொலுயின் போன்ற கரைப்பான்களின் ஆவி நுரையீரல் வழியாகச் சில நொடிகளில் மூளைக்கு ஏறும். ஏறிய வேகத்திலேயே இறங்கியும் விடும். அதனால்தான் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறான். இதயத் துடிப்பு தாறுமாறாகி, முதல் தடவையிலேயே உயிர் போனவர்களும் உண்டு. மூச்சில் பெயின்ட் வாடை, வாயைச் சுற்றிப் புண், சட்டையில் பசைக் கறை இருந்தால் அசட்டையாக விடாதீர்கள். பாட்டில் ஒயிட்னரின் சில்லறை விற்பனைக்கு 2012-இல் மத்திய அரசு தடை போட்டது. லாரியும் டூவீலரும் ஓயாத வடசென்னையில் பஞ்சர் பசைக்கு யார் தடை போடுவது?

சரி, ஏன் இழுக்கிறான்? பசியை அடக்க, குப்பை பொறுக்கும்போது நாற்றம் தெரியாமலிருக்க, வீட்டில் விழும் அடியை மறக்க. அமெரிக்காவில் பெலிட்டி, ஆண்டா என்ற இரு மருத்துவர்களின் குழு ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய சிறு வயதைப் பற்றிக் கேட்டு, 1998-இல் ஆய்வை வெளியிட்டது. அடி, பாலியல் வன்முறை, குடிகாரர் உள்ள வீடு என்று நாலு அல்லது அதற்கு மேற்பட்ட வகைக் கொடுமைகளை அனுபவித்தவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்குவரை கூடியிருந்தது. இப்போது சொல்லுங்கள், அந்த நாலு அறை எந்தக் கணக்கில் சேரும்?

இப்படிப் போதையில் சிக்கிய பையன்களைப் பற்றி ஒரு நாவல் உண்டு. எழுத்தாளர் பெருமாள்முருகனின் ‘நிழல் முற்றம்’, 1993-இல் வந்தது. சினிமாக் கொட்டகையில் சோடா விற்கிற, கஞ்சா புகைக்கிற பையன்களின் கதை. அவர்களைக் கெட்டவர்கள் என்று அந்த நாவல் ஒரு இடத்திலும் தீர்ப்புச் சொல்லவில்லை. என் மனதில் அது நிற்பதற்குக் காரணம் அதுதான். ஆனால் மீண்டு வந்த பிள்ளையின் கதை தமிழில் இன்னும் நிறைய வர வேண்டும். பதினைந்து வயதுப் பையன் கையில் எடுத்துப் படிக்கிற மாதிரி வர வேண்டும்.

மீள்வது எப்படி நடக்கும்? கரைப்பான் போதைக்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. நச்சு இறங்கும்வரை மருத்துவர் பார்வையில் இருக்க வேண்டும். பிறகு மாதக்கணக்கில் ஆலோசனை, வீட்டாருக்கும் சேர்த்து. நடுவில் ஒருமுறை மறுபடியும் இழுத்துவிடலாம். ‘அவ்வளவுதான், இவன் தேற மாட்டான்’ என்று அங்கே கைவிட்டுவிடாதீர்கள். சிகிச்சை பெறுபவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் இப்படிச் சறுக்குகிறார்கள். பிரஷருக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்தை விட்டுவிட்டு மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருபவர்களின் கணக்கும் ஏறக்குறைய இதேதான். அவர்களை யாராவது அடிக்கிறோமா?

பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் தூரமில்லை. போக யோசனையாக இருந்தால் முதலில் போதை மீட்பு உதவி எண்ணான 14446-க்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது. அவனைக் கூட்டிக்கொண்டு போகும்போது நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள்.