மணி பிளாண்ட் கொடி: வளர்ப்பும் எச்சரிக்கையும்

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதனை அடுத்துள்ள நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எனினும் பாறசாலையையும் களியக்காவிளையையும் சூழ்ந்த கிராமங்களில் வீடும் தோட்டமும் எல்லையின் இரு புறத்திலும் ஒன்றுபோலவே காணப்படுகின்றன. முற்றத்தில் தென்னையும் பலாவும் கமுகும். வாசலிலோ சன்னலோரத்திலோ ஒரு மணி பிளாண்ட் கொடி.

சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த இக்கொடியின் தாயகம் பசிபிக் பெருங்கடலிலுள்ள மூரியா தீவாகும். இது வளரும் வீட்டில் செல்வம் பெருகும் என்பது நம்பிக்கை. அண்டை வீட்டாருக்குத் தெரியாமல் எடுத்து வந்த தண்டே நன்கு தழைக்கும் என்போரும் உண்டு. பொருளியல் நோக்கில் இதன் சிறப்பு, விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பது மட்டுமே.

இரண்டு அல்லது மூன்று கணுக்கள் உள்ள தண்டை நறுக்கி, ஒரு கணுவேனும் மண்ணுள் புதையுமாறு நட்டால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். கணு இல்லாத இலைக்காம்பிலிருந்து புதுக்கொடி தோன்றாது. தோட்டமண், மணல், மக்கிய உரம் ஆகியவற்றுடன் தென்னைநார்க் கழிவையும் கலந்த மண்கலவை ஏற்றது. தொட்டியின் அடியில் துளை இருத்தல் இன்றியமையாதது. நேர்வெயில் இலையைக் கருக்கும். இருண்ட மூலையிலோ இலையின் மஞ்சள் வரிகள் மங்கிப் பச்சையாகிவிடும். எனவே வெளிச்சம் நிறைந்த சன்னலோரமே தக்க இடம். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் தோன்றும்.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் இப்பகுதியில் காற்றின் ஈரம் மிகுதி. ஆகவே இங்குக் கொடி வாடுவதைவிட அழுகுவதே அதிகம். மேல்மண் ஓர் அங்குல ஆழம் உலர்ந்த பின்னரே நீர் ஊற்றுதல் வேண்டும். இலைகள் மஞ்சளாகித் தண்டின் அடி மெத்தென்றானால், நீரை நிறுத்தி, அழுகாத தண்டை வெட்டிப் புதிதாக நடுவதே வழி.

மண்ணே வேண்டாம், நீர் நிரம்பிய புட்டி போதும் என்பதும் இக்கொடியின் புகழுக்கு ஒரு காரணம். அலுவலக மேசைகளிலும் இத்தகைய புட்டிகளைக் காணலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. டெங்கு, ஜிகா நோய்களைப் பரப்பும் ஏடிஸ் கொசு, இவ்வாறு தேங்கிய தெளிந்த நீரை நாடி, நீர்மட்டத்தை ஒட்டிய பாத்திரச் சுவரில் முட்டையிடுகிறது. முட்டை பொரிந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதங்கள் உயிருடன் இருக்கக்கூடும். ஆகவே குறைந்த நீருக்கு மேல் புதுநீர் ஊற்றுவது பயன் தராது. மூழ்கிய முட்டைகள் பொரிவதற்கு அது துணையே செய்யும். வாரம் ஒருமுறை நீரை முழுதும் கொட்டி, புட்டியின் உட்சுவரையும் வேரையும் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். தொட்டியின் அடித்தட்டில் வழிந்து நிற்கும் நீருக்கும் இது பொருந்தும்.

2021 ஜூலையில் கேரளத்தின் முதல் ஜிகா தொற்று பாறசாலைப் பகுதியில் கண்டறியப்பட்டது. உடனே களியக்காவிளை எல்லையில் தமிழ்நாட்டின் கண்காணிப்பு கடுமையாயிற்று. அத்தொற்றுக்கு இக்கொடியே காரணம் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் கொசு பெருகும் இடங்களில் ஒன்றாக வீட்டுக்குள் வைக்கும் செடிகளின் நீரையும் கேரளச் சுகாதாரத் துறை எச்சரித்து வருகிறது. பள்ளிகளில் வெள்ளி, அலுவலகங்களில் சனி, வீடுகளில் ஞாயிறு என 'டிரை டே' கடைப்பிடிக்குமாறும் அது வலியுறுத்துகிறது. ஓயாது நினைவூட்ட வேண்டிய இம்முறையைவிட, புட்டியைக் கைவிட்டுக் கொடியை மண்ணுக்கு மாற்றுவது எளிது.

வெட்டிய தண்டுகளை வேலியோரம் எறிவதும் தவறு. தொங்கும்போது சிறுத்திருக்கும் இலை, மரத்தில் ஏறியதும் அரை மீட்டருக்கு மேல் நீண்டு பிளவுபடும். இலங்கையில் கண்டி நகரின் உடவத்தைக்கெலே காட்டில் இக்கொடி பரவித் தரையையும் மரங்களையும் மூடியுள்ளது. பாறசாலைத் தோட்டத்தில் மிளகுக்கொடி ஏறவேண்டிய மரத்தை இது பிடித்துக்கொண்டால் நட்டம் உழவருக்கே. இதன் சாற்றிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் வாயில் எரிச்சல் உண்டாக்குவதால், தண்டும் இலையும் குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டலாகாது. கழித்த தண்டுகளைச் சிமெண்டுத் தரையில் பரப்பி, நன்கு காய்ந்த பின்னரே உரக்குழியில் இடுதல் வேண்டும்.