விலக்கு வேற, விலக்கி வைப்பது வேற: யூதப் பெண்கள் தினமும் பிரார்த்தனை செய்தே ஆக வேண்டுமா?

அமெரிக்கா, 1916. ஹென்ரியெட்டா ஸோல்ட் என்ற 55 வயதுப் பெண்ணின் அம்மா இறந்துபோனார். யூத மரபில் அப்பாவோ அம்மாவோ இறந்தால், பிள்ளைகள் பதினொரு மாதங்களுக்கு தினமும் ஜெப ஆலயத்துக்குப் போய் 'கதீஷ்' என்ற பிரார்த்தனையைச் சொல்வார்கள். பிள்ளைகள் என்றால், மகன்கள். ஸோல்டின் பெற்றோருக்குப் பிறந்ததோ எட்டும் பெண்கள். அதனால் ஹைம் பெரெட்ஸ் என்ற நண்பர், உங்களுக்குப் பதிலாக நான் சொல்கிறேன் என்று முன்வந்தார். நல்ல மனசுதான்.

ஸோல்ட் அவருக்கு நெகிழ்ச்சியோடு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதினார். அதே கடிதத்தில், வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அவருடைய வாதம் ரொம்ப எளிமையானது. இந்த மாதிரிக் கடமைகளிலிருந்து பெண்களுக்கு நம் சட்டம் விலக்கு கொடுத்தது, வீட்டுப் பொறுப்புகளால் அவர்களுக்கு முடியாமல் போகும் நேரத்துக்காக. முடிகிறபோதும் அவர்கள் செய்யக் கூடாது என்று சட்டம் ஒருபோதும் நினைக்கவில்லை. அப்பா இறந்தபோதும் மகள்களின் இடத்தில் வேறு யாரும் நின்று கதீஷ் சொல்ல அம்மா சம்மதிக்கவில்லை என்பதையும் அவர் அதில் குறிப்பிட்டார்.

அந்தக் கடிதம் எழுதி 100 வருஷம் தாண்டிவிட்டது. யூதப் பெண்களும் பிரார்த்தனையும் என்று பேச்சு வந்தாலே, விவாதம் இன்றைக்கும் இந்த ஒரு புள்ளியில்தான் வந்து நிற்கிறது. விலக்கு என்பது சலுகையா, இல்லை வாசலுக்கு வெளியே நிறுத்துவதா?

சட்டம் என்னதான் சொல்லுது?

யூத மதச் சட்டத்துக்கு 'ஹலாக்கா' என்று பெயர். மரபுப்படி தோராவில் 613 கட்டளைகள். சில 'செய்' என்கின்றன, சில 'செய்யாதே' என்கின்றன. 'செய்யாதே' கட்டளைகள் பெரும்பாலும் ஆண், பெண் இருவருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் வருவது 'செய்' கட்டளைகளில். கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட 'மிஷ்னா' என்ற சட்டநூல் ஒரு பொது விதி சொல்கிறது. குறிப்பிட்ட நேரத்தில் செய்தாக வேண்டிய 'செய்' கட்டளைகளில் இருந்து பெண்களுக்கு விலக்கு.

உதாரணமாக, காலையும் இரவும் சொல்ல வேண்டிய 'ஷெமா' என்ற நம்பிக்கை அறிக்கை. அதற்கு நேரம் உண்டு, எனவே பெண்களுக்கு விலக்கு. காலைப் பிரார்த்தனையில் நெற்றியிலும் கையிலும் வார் வைத்துக் கட்டிக்கொள்ளும் 'தெஃபிலின்' என்ற சின்னத் தோல் பெட்டிகள். அதற்கும் விலக்கு.

இந்த இரண்டிலிருந்தும் யாருக்கெல்லாம் விலக்கு என்று மிஷ்னா தரும் பட்டியலில் பெண்களுக்குப் பக்கத்தில் நிற்பது யார் தெரியுமா? அடிமைகளும் சிறுவர்களும். கொஞ்சம் உறுத்துது, இல்லையா? யூதப் பெண் அறிஞர்களுக்கும் உறுத்துகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஆனால் அதே பத்தி உடனே இன்னொன்றும் சொல்கிறது. இவர்களுக்கு மூன்று விஷயங்கள் கடமை: வாசல் நிலையில் வேதச்சுருள் பொருத்துவது, சாப்பிட்டு முடித்ததும் நன்றி சொல்வது, பிரார்த்தனை.

ஆமாம், பிரார்த்தனை. யூதப் பெண்களுக்குப் பிரார்த்தனையே கடமை இல்லை என்று இணையத்தில் பலர் எழுதுவது தவறு. மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூத் சொல்லும் காரணம் சுருக்கமானது: பிரார்த்தனை என்பது இரக்கம் கேட்பது. இரக்கம் யாருக்குத்தான் தேவையில்லை?

அப்போ, ஒரு நாளைக்கு எத்தனை தடவை?

இங்கேதான் அறிஞர்கள் பிரிகிறார்கள். ஆண்களுக்குக் காலை, பிற்பகல், இரவு என தினமும் மூன்று வேளைப் பிரார்த்தனை. நடுநாயகம், நின்றபடி சொல்லும் 'அமீதா'. பெண்களுக்கும் பிரார்த்தனை கடமை என்றால், இந்த மூன்று வேளையுமா?

12-ம் நூற்றாண்டில் ஸ்பெயினில் பிறந்து எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ், அடிப்படையையே இரண்டாகப் பிரித்தார். தினமும் பிரார்த்திப்பது தோராவின் கட்டளை. ஆனால் எத்தனை முறை, எந்த நேரத்தில், எந்த வார்த்தைகளில் என்பதெல்லாம் பிற்கால ஞானிகள் வகுத்தது. அப்படியென்றால் மூலக் கட்டளைக்கு நேரமே கிடையாது. நேரம் இல்லையென்றால் பெண்களுக்கும் கடமை. 13-ம் நூற்றாண்டின் நாக்மனிடிஸ் இதை ஏற்கவில்லை. தினசரிப் பிரார்த்தனையே ஞானிகள் ஏற்படுத்தியதுதான் என்றார் அவர்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். வித்தியாசம் வீட்டுக்குள் வருகிறது. மைமோனிடிஸ் வழியில் போனால், ஒரு பெண் காலையில் எழுந்ததும் தன் சொந்த வார்த்தையில் கடவுளிடம் எதையாவது கேட்டாலே கடமை முடிந்தது. நாக்மனிடிஸ் வழியில் போனால், ஞானிகள் வகுத்த அமீதாவே அவளுக்கும் கடமை.

17-ம் நூற்றாண்டுப் போலந்தில் ஆபிரகாம் கொம்பினர் என்ற ரபி, பெரும்பாலான பெண்கள் ஒழுங்காக அமீதா சொல்வதில்லை என்று கவனித்தார். அவர்களைத் திட்டவில்லை. காலையில் ஏதோ ஒரு வேண்டுதல் சொல்லிக்கொள்கிறார்கள், மைமோனிடிஸ் கணக்குப்படி அது போதும் என்று அதற்கு ஒரு நியாயம் எழுதினார். சட்டம் வீட்டைப் பார்த்துத் திருத்திக்கொண்ட இடம் இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பின்னால் வந்த 'மிஷ்னா பெரூரா' நூலின் ஆசிரியர் இஸ்ரேல் மெயிர் ககான் (1838–1933) கொஞ்சம் கறார். பெண்களும் காலை, பிற்பகல் இரண்டு வேளையும் அமீதா சொல்ல வேண்டும். இரவுப் பிரார்த்தனை மட்டும் கட்டாயமில்லை என்றார். இஸ்ரேலின் செஃபார்டி தலைமை ரபியாக இருந்த ஓவாடியா யோசெஃப் (1920–2013), ஒரு நாளைக்கு ஒரு முறை போதும் என்றார். இன்றைய ஆர்த்தடாக்ஸ் வீடுகளில் எந்தச் சமூகம், எந்த ரபி என்பதைப் பொறுத்து இந்தப் பதில் மாறும். கைக்குழந்தையோடு இருக்கும் அம்மாவுக்குப் பல ரபிகள் கொம்பினரின் பதிலைத்தான் சொல்கிறார்கள்.

அன்னாளின் உதடுகள்

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. பைபிளில் வரும் அன்னாளைத் தெரிந்திருக்கும். குழந்தை இல்லாத துக்கத்தில் சீலோ ஆலயத்தில் நின்று அழுது வேண்டுகிறாள். உதடு அசைகிறது, குரல் கேட்கவில்லை. ஆசாரியன் ஏலி அவளைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டுகிறார்.

தல்மூத் இந்தக் காட்சியிலிருந்துதான் எப்படிப் பிரார்த்திக்க வேண்டும் என்ற விதிகளையே எடுக்கிறது. மனசு ஒன்ற வேண்டும். உதடு அசைய வேண்டும். குரல் உயரக் கூடாது. குடித்துவிட்டுப் பிரார்த்திக்கக் கூடாது. உலகத்தில் எந்த ஜெப ஆலயத்தில் ஆண்கள் நின்று முணுமுணுப்பாக அமீதா சொன்னாலும், அவர்கள் பின்பற்றுவது ஒரு பெண்ணின் முறையை. ஆனால் அன்னாளே இன்று ஓர் ஆர்த்தடாக்ஸ் ஜெப ஆலயத்துக்குள் வந்தால், எண்ணிக்கையில் சேர மாட்டாள்.

எந்த எண்ணிக்கை?

'மின்யான்'. கூட்டுப் பிரார்த்தனைக்குக் குறைந்தது பத்துப் பேர் வேண்டும். மரபில் அந்தப் பத்தும் வயது வந்த ஆண்கள். கதீஷ் சொல்லவும் மின்யான் தேவை. ஒன்பது ஆண்களும் ஐம்பது பெண்களும் இருந்தாலும் கதீஷ் தொடங்காது. பத்தாவதாக ஒரு பையன் உள்ளே வந்தால் தொடங்கும், பையனுக்கு 13 வயது ஆகியிருந்தால் போதும்.

இதன் பின்னால் இன்னொரு விதியும் வேலை செய்கிறது. ஒரு கடமை யாருக்கு இல்லையோ, அவர் அந்தக் கடமையை மற்றவர்களுக்காக நிறைவேற்ற முடியாது. கூட்டத்துக்காக ஒருவர் முன்னால் நின்று சொல்ல வேண்டுமென்றால், அவருக்கும் அது கடமையாக இருக்க வேண்டும். இப்போது விலக்கு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்க. 'உனக்குக் கட்டாயம் இல்லை' என்று தொடங்கி, 'அதனால் நீ முன்னால் நிற்க முடியாது' என்று வந்து முடிகிறது. போதாததற்கு, தானாக முன்வந்து செய்பவரைவிட கட்டளைக்குக் கட்டுப்பட்டுச் செய்பவரே உயர்ந்தவர் என்பது தல்மூதின் கருத்து. நம் பொதுப்புத்திக்கு நேர் தலைகீழ். அந்தக் கணக்கில், கடமை இல்லாத பெண் எவ்வளவு பக்தியோடு செய்தாலும் ஒரு படி கீழேதான்.

சரி, ஏன் இந்த விலக்கு?

வீட்டு வேலை, குழந்தை வளர்ப்பு என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். ஸோல்டும் அந்த வழியில்தான் யோசித்தார். ஆனால் தல்மூதில் அந்தக் காரணம் இல்லை. அது வெறும் வசன ஒப்பீட்டில் விதியை வருவிக்கிறது. தோரா படிப்பதிலிருந்து பெண்களுக்கு விலக்கு, தெஃபிலின் அதோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது, எனவே அதற்கும் விலக்கு, அதைப் பார்த்து மற்றவற்றுக்கும். காரணங்களைக் கண்டுபிடித்தவர்கள் பின்னால் வந்தவர்கள். 14-ம் நூற்றாண்டு ஸ்பெயினின் அபுதர்ஹாம், கணவன் வேலை சொல்லும் நேரத்தில் கடவுளின் கட்டளையும் வந்தால் மனைவி திண்டாடிப்போவாள், வீட்டு அமைதிக்காகக் கடவுளே விட்டுக்கொடுத்தார் என்றார். 19-ம் நூற்றாண்டு ஜெர்மனியின் சாம்சன் ரஃபேல் ஹிர்ஷ், பெண்களிடம் இயல்பாகவே பக்தி அதிகம், நேரம் வைத்து நினைவூட்டத் தேவையில்லை என்றார். ஒன்று பெண்ணை வேலையாளாகப் பார்க்கிறது, இன்னொன்று பீடத்தில் ஏற்றி வைக்கிறது. இரண்டிலும் அவளை யாரும் கேட்கவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பஸ்காவில் புளிப்பில்லா அப்பம் சாப்பிடுவது, ஓய்வுநாளை வரவேற்கும் 'கித்தூஷ்', பூரிம் அன்று எஸ்தர் சுருளைக் கேட்பது, ஹனுக்கா விளக்கு: எல்லாமே நேரத்துக்குக் கட்டுப்பட்டவை. ஆனால் பெண்களுக்கும் கடமை! தோரா படிப்புக்கு நேரமே இல்லை, ஆனால் விலக்கு. விதியைவிட விதிவிலக்கு நீளமாக இருக்கிறதே என்ற கேள்வி தல்மூதிலேயே வருகிறது. இப்படிப்பட்ட பொது விதிகளை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்று அங்கேயே பதிலும் வருகிறது.

விலக்கு இருந்தும் செய்த பெண்களும் உண்டு. சவுல் ராஜாவின் மகள் மீகாள் தெஃபிலின் அணிந்தாள், ஞானிகள் தடுக்கவில்லை என்கிறது தல்மூத். புத்தாண்டில் ஊதும் எக்காளத்தைக் கேட்பதிலிருந்தும் பெண்களுக்கு விலக்குதான், ஆனால் அன்று ஜெப ஆலயங்களில் பெண்கள் பகுதி நிரம்பி வழியும்.

நம்ம பக்கத்து மாநிலத்துக்கு வருவோம். கொச்சி யூதர்களின் ஜெப ஆலயங்களில் பெண்களின் இடம் மாடியில். ஆனால் அந்தப் பெண்கள் கையெழுத்து நோட்டுகளில் மலையாளப் பக்திப் பாடல்களைச் சேர்த்து வைத்து, திருமணங்களிலும் பண்டிகைகளிலும் ஆண்கள் இருக்கும்போதே பாடினார்கள். பெண் பாடுவதை ஆண்கள் கேட்கக் கூடாது என்று பல யூதச் சமூகங்கள் கட்டுப்பாடு வைத்திருந்த காலத்தில்!

என்ன மாறியிருக்கு?

யூத மதத்தில் எல்லோரும் ஒரே பிரிவு இல்லை. சீர்திருத்தப் பிரிவு அமெரிக்காவில் 1972-ல் சாலி பிரீசாண்டை ரபியாக்கியது. அதற்கு முன்பே 1935-ல் ஜெர்மனியில் ரெஜினா யோனாஸ் ரபியானார். 1944-ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். நடுவழியில் நிற்கும் கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக் குழு 1973-ல் பெண்களையும் மின்யானில் எண்ணலாம் என்றது. 1984-ல் ஜோயல் ரோத் என்ற ரபி ஒரு வழி சொன்னார்: ஒரு பெண் விரும்பி இந்தக் கடமைகளைத் தன்மேல் ஏற்றுக்கொண்டால் ஆணுக்குச் சமம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஆணுக்குப் பிறப்பிலேயே வருவதைப் பெண் மட்டும் விண்ணப்பம் போட்டு வாங்க வேண்டுமா? 2014-ல் பமேலா பார்மாஷ் என்ற பெண் ரபி எழுதிய தீர்ப்பு, பெண்களுக்கும் எல்லாக் கடமைகளும் சமம் என்றது. அந்தப் பிரிவின் குழு அதை ஏற்றது. சலுகை வேண்டாம், கடமையைக் கொடு என்று கேட்டு வாங்கிய தீர்ப்பு அது.

ஆர்த்தடாக்ஸ் தரப்பில் வேகம் குறைவு. 2002-ல் ஜெருசலேமில் தொடங்கிய 'ஷிரா ஹதாஷா' சபை நடுவில் ஒரு பாதை போட்டது. மின்யான் தேவைப்படும் பகுதிகளை ஆண்களே நடத்துவார்கள். மற்ற சில பகுதிகளைப் பெண்கள் நடத்துவார்கள், தோராவையும் வாசிப்பார்கள். பத்து ஆண்கள் மட்டுமல்ல, பத்துப் பெண்களும் வந்த பிறகுதான் தொடங்குவார்கள்.

பிரச்னை தெருவுக்கு வந்தது ஜெருசலேமின் மேற்குச் சுவரில். 1988 டிசம்பரிலிருந்து 'சுவரின் பெண்கள்' என்ற குழு, யூத மாதப் பிறப்பு அன்று அங்கே பெண்கள் பகுதியில் சேர்ந்து பிரார்த்திக்கிறது. பிரார்த்தனைச் சால்வை அணிந்து, குரல் விட்டு, தோரா சுருளோடு. கத்தலும் விசில் சத்தமும் அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அதன் தலைவர் அனத் ஹோஃப்மன் 2012 அக்டோபரில் கைது செய்யப்பட்டார். 2013 ஏப்ரலில் ஜெருசலேம் மாவட்ட நீதிமன்றம், இவர்களின் பிரார்த்தனை அந்த இடத்தின் வழக்கத்தை மீறவில்லை என்றது. 2016 ஜனவரியில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து பிரார்த்திக்கத் தனி இடத்தை மேம்படுத்த அமைச்சரவை ஒப்புக்கொண்டது. 2017 ஜூனில், கூட்டணியிலிருந்த அதிதீவிர ஆர்த்தடாக்ஸ் கட்சிகளின் எதிர்ப்பால் அதே அரசு அதைக் கிடப்பில் போட்டது.

ஸோல்ட் என்ன ஆனார்? 1912-ல் அவர் தொடங்கிய 'ஹடாசா' என்ற பெண்கள் அமைப்பின் பெயரில் ஜெருசலேமில் இன்றும் பெரிய மருத்துவமனை இயங்குகிறது. ஹிட்லர் ஆட்சியிலிருந்து ஆயிரக்கணக்கான யூதச் சிறார்களைப் பாலஸ்தீனத்துக்குக் கொண்டுவந்த திட்டத்தை வழிநடத்தினார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை, குழந்தைகளும் இல்லை. 1945 பிப்ரவரியில் ஜெருசலேமில் இறந்தபோது, அப்படிக் காப்பாற்றப்பட்டு வந்தவர்களில் ஒரு சிறுவன் அவருக்குக் கதீஷ் சொன்னான்.