ஒலிநூல் கேட்டல் வாசிப்பாகுமா?

ஒருவர் ஒரு நூலைப் படித்துக் குரலில் பதிவு செய்ய, பிறர் அதனைக் கேட்கும் வழக்கம் இன்று பெருகி வருகின்றது. இவ்வொலிநூலைக் கேட்டவர் அந்நூலைப் படித்தவர் ஆவாரா என்பது வினா. கமெரன் மலையில், கம்போங் ராஜாவை அடுத்த ப்ளூ வேலி போன்ற தேயிலைத் தோட்டங்களில் உழைப்போரை எண்ணினால் இவ்வினாவின் கனம் விளங்கும். கொழுந்து பறிப்பவரின் கண்ணும் கையும் செடியின்மேல் இருக்கின்றன. நூலுக்கு இடந்தருவது செவி ஒன்றே. அவர் கேட்பது கல்வியன்று எனத் தள்ளலாமோ?

தமிழ் மரபு அவ்வாறு தள்ளவில்லை. திருக்குறளில் கல்வி 40ஆம் அதிகாரம்; கேள்வி 42ஆம் அதிகாரம். எழுத்தறியாதவனும் கேட்டறிய வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. இறையனார் களவியலுரை, நக்கீரர் முதல் முசிறி நீலகண்டனார் ஈறாகச் செவிவழியே வந்தது என்று அவ்வுரையே கூறுகின்றது. நன்னூலாரோ கேட்டலோடு நிற்கவில்லை. கேட்டவற்றைச் சிந்தித்தல், ஐயம் வினாவுதல், பிறர் வினவ விடை கூறுதல் ஆகியவற்றையும் மாணாக்கனுக்கு வகுத்தார். இருமுறை கேட்டால் பிழை நீங்கும், மும்முறை கேட்டால் எடுத்துரைக்கும் திறன் வரும் என்பதும் அவர் துணிபு. ஆகவே, பிற வேலைக்கிடையே ஒருமுறை காதில் விழுந்து மறைவது கேள்வியாகாது.

இக்கால ஆய்வும் இதற்குத் துணை நிற்கின்றது. ஒரே கதைகளைக் கேட்டபோதும் படித்தபோதும் மூளையில் பொருளுணர்வு பெரிதும் ஒத்த முறையிலேயே அமைகின்றது என்று 2019இல் பெர்க்லி ஆய்வாளர் கண்டனர். ஆயின் அவர்கள் ஆராய்ந்தது எழுத்து நன்கறிந்தவர்களை. எழுத்துக் கூட்டும் சிறுவன் நிலை வேறு. எழுத்தை ஒலியாக்கும் திறனும், மொழியின் பொருளுணரும் திறனும் கூடியதே வாசிப்பு என 1986இல் காஃப், டன்மர் என்னும் அறிஞர் இருவர் விளக்கினர். ஒன்று இல்லையேல் மற்றொன்று பயன்தராது. ஒலிநூல் வளர்ப்பது பின்னதையே.

தமிழில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். நகரமும் னகரமும் இன்று பலர் நாவில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. 'முந்நூறு' என்பதைக் காதால் மட்டும் அறிந்த மாணவன் 'முன்னூறு' என்றே எழுதுவான். அப்பிழையைத் திருத்துவது கண். மறுபுறம், 'பக்கம்', 'பகல்', 'பங்கு' என்னும் மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கின்றது. எழுத்து அதனைக் காட்டுவதில்லை. நல்ல குரலே காட்டும். எனவே வகுப்பில், நூலை விரித்து வரியின்மேல் விரல் ஓட்டிய வண்ணம் கேட்கச் செய்து, பின்னர்க் குரலை நிறுத்தி, மாணவனையே படிக்கச் செய்தல் நன்று.

எழுத்தறிந்தவர் கருத்தூன்றிக் கேட்டால், அந்நூலைக் கற்றவரே ஆவர். எழுத்தைப் பயிலும் சிறுவனுக்கோ, கேட்டல் வாசிப்புக்குத் துணையாகுமேயன்றி அதற்கு ஈடாகாது. கல்விக்கும் கேள்விக்கும் தனித்தனிப் பெயரிட்டு, இரண்டையும் போற்றிய முன்னோர் கருத்தும் இதுவே.