இரும்புக்கும் ஒரு மேல்சட்டை

நெய்வேலியில் வளர்ந்த நமக்குப் புகைபோக்கி புதுசு இல்லை. அதன் அடியில் இருக்கும் பாய்லருக்குள் இரும்பு படும் பாடுதான் நமக்குத் தெரிவதில்லை.

இரண்டாம் அனல் மின் நிலையத்தில் டர்பைனுக்குப் போகும் நீராவி சுமார் 540 டிகிரி செல்சியஸ். அதைச் சுமக்கும் சூப்பர்ஹீட்டர் டியூப் அதைவிடச் சூடு. வெளியே நெருப்பும் மணல் கலந்த சாம்பலும், உள்ளே நீராவி. ஒரே ஒரு டியூப் ஓட்டையானாலும் 210 மெகாவாட் யூனிட்டை நிறுத்தித்தான் ஆகணும்.

சாதாரண இரும்பில் இந்தச் சூட்டில் துரு செதில் செதிலாகப் பெயரும். 18 சதவீதம் குரோமியம் சேர்த்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் தானே உண்டாகி, காற்றையும் நீராவியையும் தடுக்கும். இந்தப் படலம் சீக்கிரம் உண்டாக, டியூபின் உட்புறத்தில் சின்னச் சின்ன உருண்டைகளை வேகமாக அடிப்பார்கள். இதற்கு ஷாட் பீனிங் என்று பெயர். அடி வாங்கிய இடத்தில் குரோமியம் மேலே வருவது சுலபம். அடித்தால் பலம் கூடும் என்பது நம் வாத்தியார்களுக்குப் பிடித்த தத்துவம்!

எனக்கு ரொம்பப் பிடித்தது அலுமினைசிங். எங்கள் தாத்தா பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர். சூடான பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவிப் பஞ்சால் தேய்ப்பார். குடும்பத்தில் முதலில் படிக்க வந்த நான், புத்தகத்தில் அமோனியம் குளோரைடு என்று பார்த்து அசந்து போனேன். அதே நவச்சாரம்! அலுமினியத் தூள், அலுமினா, கொஞ்சம் நவச்சாரம் நிரப்பிய பெட்டியில் உலோகத்தைப் புதைத்து, 900 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் வைப்பார்கள். தாத்தாவிடம் நவச்சாரம் அழுக்கு எடுக்கும். இங்கே அலுமினியத்தை ஆவியாக்கிச் சுமந்து வரும்.

"அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிடுமேடா?" என்றான் நண்பன். நல்ல கேள்வி. அது தனியாக நிற்பதில்லை. நிக்கலோடு சேர்ந்து நிக்கல் அலுமினைடு ஆகிறது. அது உருக 1600 டிகிரிக்கு மேல் வேண்டும். அதன் மேல் அலுமினா படலம் வேறு.

சாம்பல் உரசுகிற இடத்துக்குக் குரோமியம் கார்பைடு, நிக்கல்-குரோமியம் கலவைத் தூளை அதிவேகச் சுடரில் பீய்ச்சி அடிப்பார்கள். முதலில் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கணும். கொத்திவிடாத சுவரில் பூச்சு நிற்குமா?

எந்தப் பூச்சும் நிரந்தரம் இல்லை. அலுமினியம் மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் கரையும், சாம்பல் மேலே தேய்க்கும். அதனால் ஷட்டவுன் சமயத்தில் பாய்லருக்குள் சாரம் கட்டி ஏறி, அல்ட்ராசானிக் கருவியால் டியூபின் தடிமனை அளப்பார்கள். அந்தச் சாரம் கட்டும் ஒப்பந்தத் தொழிலாளர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர்.