எலிக்கு வைத்த நஞ்சு நாய்க்குப் போகலாமா?

தோட்டத்திலும் களத்திலும் எலித் தொல்லை மிகும்போது நச்சு உணவு வைப்பது வழக்கம். நெல், நிலக்கடலை, தென்னங்குரும்பை என எதையும் எலி விட்டுவைப்பதில்லை என்பதால் இது தேவையான வேலைதான். ஆனால் எலிக்கென்று வைத்ததைப் பக்கத்து வீட்டு நாய் தின்று மடிவதும் உண்டு. பொரி, கடலை எண்ணெய், கருவாடு என்று எலி எதை விரும்புகிறதோ அதுவே நாயின் மூக்கையும் இழுக்கிறது. காவலுக்கு இருந்த நாய் போவதோடு, இரு வீட்டாருக்குள் மனக்கசப்பும் வளர்கிறது. மருந்து வைப்பவரும் நாய் வளர்ப்பவரும் சில முறைகளைக் கடைப்பிடித்தால் இதைத் தவிர்க்கலாம்.

மூன்று வகை நஞ்சு

முதலாவது சிங்க் பாஸ்பைடு. இது சாம்பல் கலந்த கருநிறத் தூள். பூண்டு வாடை உடையது. 49 பங்கு இரைக்கு 1 பங்கு மருந்து சேர்த்து நச்சு உணவு தயாரிக்கப்படுகிறது. வயிற்றிலுள்ள அமிலத்துடன் சேர்ந்ததும் இதிலிருந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயு உண்டாகிறது. 10 கிராம் பொட்டலம் ஒன்றில் 200 மில்லி கிராம் மருந்து இருக்கும். நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 20 முதல் 40 மில்லி கிராம் மருந்தே உயிரைப் போக்கிவிடக்கூடும். எனவே 10 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒன்றிரண்டு பொட்டலங்களே போதும். தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்று வலி, மூச்சுத் திணறல், தள்ளாட்டம் ஆகியவை தோன்றும்.

இரண்டாவது புரோமடையோலோன். இது பெரும்பாலும் வண்ணம் சேர்த்த கட்டிகளாகக் கடைகளில் கிடைக்கிறது. இரத்தம் உறைவதைத் தடுத்து உள்ளுக்குள் கசியச் செய்வது இதன் தன்மை. இதைத் தின்ற நாய் முதல் இரண்டு நாட்கள் நலமாகவே காணப்படும். மூன்று முதல் ஐந்து நாட்களில் சோர்வு, ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம், கருநிற மலம், மூச்சு வாங்குதல் ஆகியவை தெரியவரும்.

மூன்றாவது நத்தைகளுக்குத் தூவும் மெட்டால்டிஹைடு குருணை. இது நரம்புகளைத் தாக்குவதால் சில மணி நேரத்திற்குள் நடுக்கமும் வலிப்பும் கண்டு, உடல் சூடு ஏறும்.

மருந்து வைப்பவர் செய்ய வேண்டியவை

மருந்து வைக்கும் நாளை அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நாய் புழங்கும் இடத்தில் கருவாடு கலந்த இரையைத் தவிர்த்து, பொரியோ அரிசியோ பயன்படுத்துவது நல்லது.

சிங்க் பாஸ்பைடு வைப்பதற்கு முன், எலிகள் பழகுவதற்காக இரண்டு நாட்கள் மருந்து கலக்காத இரை வைக்கப்படுகிறது. அந்த இரண்டு நாட்களிலேயே நாய் மோப்பம் பிடித்து வருகிறதா என்று கவனிக்கலாம். வந்தால் இரை வைக்கும் இடத்தை மாற்றிவிட வேண்டும்.

வயலில் மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் அடைத்துவிட்டால், மறுநாள் காலையில் திறந்திருப்பவை எலி உள்ள வளைகள். பொட்டலத்தை அவற்றினுள் குச்சியால் ஒரு முழம் தள்ளி, வாயை மண்ணால் மூடி, மேலே முள் வைக்க வேண்டும். வீட்டுத் தோட்டத்திலோ, சுமார் 6 செ.மீ. குறுக்களவும் 60 செ.மீ. நீளமும் உள்ள மூங்கில் அல்லது பி.வி.சி. குழாயின் நடுவில் இரையை வைத்து, குழாய் உருளாதபடி முளையில் கட்டிவிடலாம். எலி நுழையும், நாயின் வாய் எட்டாது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டிற்கும் இதுவே ஏற்றது.

குழாய்களில் வைத்த இரையை அந்தி சாய்ந்ததும் எண்ணி வைத்து, விடிந்ததும் எண்ணி எடுக்க வேண்டும். செத்த எலிகளைக் கையால் தொடாமல் எடுத்து ஆழமாகப் புதைக்க வேண்டும். நஞ்சுண்டு இறந்த எலியைத் தின்பதாலும் நாய், பூனை, ஆந்தை ஆகியவற்றுக்குக் கேடு வரும். எலிகளை இரையாக்கும் ஆந்தை சாவது உழவருக்கே நட்டம்.

நாய் தின்றுவிட்டால்

நாய் வளர்ப்போர், மருந்து வைத்திருக்கும் இரவுகளில் அதைக் கட்டி வைக்க வேண்டும். அவிழ்த்துவிடும்போது உடன் செல்வது நல்லது. அதையும் மீறித் தின்றுவிட்டது தெரிந்தால், நாய் நலமாகத் தோன்றினாலும் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

பால், சோறு, எண்ணெய் எதுவும் புகட்டக்கூடாது. உணவு உள்ளே சென்றால் அமிலம் அதிகம் சுரந்து, சிங்க் பாஸ்பைடிலிருந்து வாயு மேலும் வெளிப்படும். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் தீங்கானது. வாந்தி எடுக்கச் செய்வதா வேண்டாமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நாய் வாந்தி எடுத்தால் அதன்மேல் குனியாமல் காற்றோட்டமான இடத்தில் விலகி நிற்க வேண்டும். வாந்தியிலிருந்து கிளம்பும் வாயு மனிதரையும் தாக்கக்கூடியது.

என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்றும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். புரோமடையோலோனுக்கு வைட்டமின் கே1 மாற்று மருந்தாக உள்ளது. ஆனால் அதை மருத்துவர் சொல்லும் வரை பல வாரங்கள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். நாய் தேறிவிட்டதென்று இடையில் நிறுத்தினால் மீண்டும் இரத்தம் கசியும். சிங்க் பாஸ்பைடுக்கும் மெட்டால்டிஹைடுக்கும் மாற்று மருந்து கிடையாது. அங்கே விரைவான சிகிச்சையே உயிரைக் காக்கும்.

ஆகவே மருந்தின் உறையை, அதிலுள்ள பெயர் தெரியும்படி, பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டார் பதறி வந்து கேட்கும்போது, பழி வருமோ என்று அஞ்சி மருந்து வைத்ததையே மறுப்பவர் உண்டு. அப்படிக் கழியும் அரை மணி நேரத்தில் ஓர் உயிர் போய்விடக்கூடும். உறையை எடுத்துக் கொடுத்து, எத்தனை பொட்டலம் குறைகிறது என்று சொல்லிவிட்டால் நாய் பிழைக்கவும் வழி உண்டு. அண்டை வீட்டு உறவும் கெடாது.