தாஜ்மகால் விலை சரிந்த கதை

2008ஆம் ஆண்டு டென்மார்க்கின் லெகோ பொம்மை நிறுவனம், பிளாஸ்டிக் கட்டைகளால் கட்டும் ஒரு தாஜ்மகாலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மொத்தம் 5,922 துண்டுகள். அதுவரை அந்த நிறுவனம் விற்ற பெட்டிகளிலேயே பெரியது அதுதான். அமெரிக்காவில் விலை 300 டாலர். சில ஆண்டுகளில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகுதான் வேடிக்கை தொடங்கியது. பிரிக்காத தாஜ்மகால் பெட்டி ஒன்று இரண்டாம் கைச் சந்தையில் 2,000 டாலரைத் தாண்டிப் போனது. அலமாரி மேல் ஒன்றை ஒளித்து வைத்திருந்தவர்கள், தங்கக் காசு வாங்கி வைத்த நிம்மதியோடு இருந்தார்கள்.

2017இல் நிறுவனம் எந்தச் சத்தமும் போடாமல் அதே தாஜ்மகாலை மறுபடி வெளியிட்டது. ஒரே ஒரு துண்டு கூடுதல், விலை 370 டாலர். பழைய பெட்டியின் மதிப்பு மளமளவென்று இறங்கியது. பதுக்கியவர்கள் புலம்பினார்கள். பல வருடமாக ஆசைப்பட்டும் வாங்க முடியாதவர்கள் கடைக்கு ஓடினார்கள்.

பெரியவர்கள் லெகோ சேர்க்கும் பொழுதுபோக்கில் இருக்கும் இரண்டு கட்சிகளையும் இந்தச் சம்பவத்திலேயே பார்த்துவிடலாம். ஒரு கட்சி பெட்டியைப் பிரிக்காது. இன்னொரு கட்சிக்குப் பிரிக்காமல் தூக்கம் வராது.

பொம்மைக்கடைச் சாமானுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். இன்று அந்த நிறுவனமே பெரியவர்களுக்கென்று தனி வரிசை வைத்திருக்கிறது. 2020 முதல் கறுப்பு நிறப் பெட்டிகளில் '18+' என்று அச்சிட்டு விற்கிறார்கள். 9,090 துண்டுகளில் ஒன்றே கால் மீட்டருக்கும் நீளமான டைட்டானிக் கப்பல், 10,001 துண்டுகளில் ஒன்றரை மீட்டர் உயர ஈஃபில் கோபுரம், 11,695 துண்டுகளில் சுவரில் மாட்டும் உலக வரைபடம் எல்லாம் இந்த வகை. பூங்கொத்து, போன்சாய் மரம்கூட உண்டு. முன்னாள் கால்பந்து வீரர் டேவிட் பெக்காம்கூட, லெகோ கட்டும்போது தன் மனம் அமைதியாகிறது என்று பேட்டியில் சொன்னவர்தான்.

இந்த ரசிகர்களுக்குள் புழங்கும் ஒரு சொல் 'இருண்ட காலம்'. சிறு வயதில் விளையாடிவிட்டு, பதின்வயதில் கூச்சத்தால் மூட்டைகட்டி வைத்து, வேலைக்குப் போய்ச் சம்பளம் வந்த பிறகு மறுபடி கையில் எடுக்கிறார்களே, நடுவில் விட்டுப்போன அந்த ஆண்டுகளுக்குத்தான் இந்தப் பெயர். பலருக்கு அது முடிவதற்குக் காரணம் சொந்தப் பிள்ளைகள். பிள்ளைக்கென்று வாங்கிய பெட்டியைப் பிள்ளை தூங்கிய பிறகு அப்பா கட்டி முடிக்கும் கதை இவர்கள் கூடுமிடங்களில் அடிக்கடி கேட்பது.

தபால்தலையோ பழைய நாணயமோ சேர்ப்பவருக்கு இல்லாத ஒரு வசதி இவர்களுக்கு உண்டு. சேர்த்ததைக் கலைத்து வேறொன்றாக்கலாம். அதற்கு அடிப்படை, 1958 ஜனவரி 28 அன்று கோட்ஃப்ரெட் கிர்க் கிறிஸ்டியன்சன் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஒரு இணைப்பு முறை. அவருடைய தந்தை ஓலே கிர்க், பில்லுண்ட் என்ற சிற்றூரில் தச்சர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை குறைந்தபோது மரப்பொம்மை செய்யத் தொடங்கியவர். 1949இல் அவர்கள் விற்ற முதல் பிளாஸ்டிக் கட்டைகள் அடியில் வெறும் பொந்தாக இருந்தன. அடுக்கினால் நிற்கும், லேசாகத் தட்டினால் சரியும். மகன் செய்த மாற்றம் சின்னது. கட்டையின் அடிப்பக்கத்தில் குழாய்களை வைத்தார். மேலே இருக்கும் குமிழ்கள் அந்தக் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே இறுக்கமாகப் பிடித்துக்கொண்டன. குழந்தை இழுத்தால் கழல வேண்டும், தானாகக் கழலக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே பொருளில் வரவழைத்ததுதான் சாமர்த்தியம். 1960இல் மரப்பொம்மைக் கிடங்கு தீப்பற்றி எரிந்ததும் மரத்தையே விட்டுவிட்டார்கள். 1963 முதல் ஏ.பி.எஸ். என்ற உறுதியான பிளாஸ்டிக் வந்தது.

பிளாஸ்டிக் மாறினாலும் கட்டையின் அளவை அவர்கள் மாற்றவில்லை. 1958ஆம் ஆண்டுக் கட்டை இந்த வருடக் கட்டையோடு பொருந்தும். ஒரே நிறத்தில், எட்டுக் குமிழ் கொண்ட ஆறு கட்டைகளை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணினியில் கணக்கிட்டார். விடை 91,51,03,765. பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் 2012இல் ஒரு நான்கு குமிழ்க் கட்டையை இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தார்கள். சுமார் 430 கிலோ எடை வரை தாங்கியது. ஒன்றன்மேல் ஒன்றாக 3,75,000 கட்டைகளை, அதாவது மூன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு அடுக்கினால்தான் அடிக்கட்டை நசுங்குமாம். அதற்கு முன்பே கோபுரம் சாய்ந்துவிடும் என்பது வேறு விஷயம்.

பெரியவர்கள் வாங்குகிறார்கள் என்பதை நிறுவனம் வெகுகாலம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1998இல் மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற ரோபோ செட் வெளியானதும் அதன் மென்பொருளை வெளியாட்கள் பிரித்துப் போட்டு, தங்கள் இஷ்டப்படி மாற்றி எழுதினார்கள். வழக்குப் போடலாமா என்று யோசித்த நிறுவனம், கடைசியில் மாற்றிக்கொள்ளும் உரிமையையே கொடுத்துவிட்டது. ஆனால் அந்தப் பாடம் கட்டைப் பிரிவுக்கு வந்து சேரவில்லை. சில ஆண்டுகள் கழித்துச் சாம்பல் நிறத்தில் லேசாக நீலம் கலந்தார்கள். குழந்தைகள் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பத்து வருடமாகச் சாம்பல் கட்டையிலேயே கோட்டை கட்டிக்கொண்டிருந்த பெரியவர்களுக்கோ பாதிச் சுவர் ஒரு நிறம், மீதிச் சுவர் இன்னொரு நிறம். கொதித்துப் போனார்கள்.

அந்தச் சமயத்தில் நிறுவனமே தள்ளாடிக்கொண்டிருந்தது. பூங்கா, துணிமணி என்று கால் பரப்பி, தேவையில்லாமல் ஆயிரக்கணக்கில் புதுப்புது வடிவத் துண்டுகளை அச்சு வார்த்து, 2003இல் பெரும் நஷ்டத்தில் விழுந்தது. 2004இல் 35 வயது யோர்கன் விக் நுட்ஸ்டார்ப் தலைமைக்கு வந்தார். துண்டு வகைகளைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தார். லெகோலேண்ட் பூங்காக்களை விற்றார். பெரியவர்களான ரசிகர்களுக்குக் காது கொடுக்கவும் தொடங்கினார்கள். அமெரிக்க ரசிகராக இருந்த ஜேமி பெராட் வடிவமைப்பாளராகவே வேலைக்குச் சேர்ந்தார். 2007இல் வெளியான 'கஃபே கார்னர்' என்ற மூலைக் கட்டடம் அவர் வடிவமைத்தது. 2,056 துண்டுகள். அடுத்தடுத்து வரும் கட்டடங்களைப் பக்கத்தில் பொருத்தினால் ஒரு தெருவே உருவாகும். வருடத்துக்கொரு கட்டடம் என்று அந்த வரிசை இன்றும் தொடர்கிறது. முதல் கட்டடத்தைத் தவறவிட்டவர்கள் அதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதைக் கேட்காமல் இருப்பது நல்லது.

எதைச் சேர்க்கிறார்கள்? இங்கேதான் மனிதர்களின் விசித்திரம் தெரியும். ஸ்டார் வார்ஸ் மட்டும் சேர்ப்பவர், 1980களின் கோட்டைகள் மட்டும் சேர்ப்பவர், ரயில் மட்டும் சேர்ப்பவர். 1978இல் அறிமுகமான, மஞ்சள் முகமும் சிரித்த வாயும் கொண்ட குட்டி மனிதர்களை மட்டும் சேர்ப்பவர்கள் ஒரு பெருங்கூட்டம். 2013இல் உறைக்குள் யார் இருக்கிறார் என்று தெரியாமல் வாங்கும் வரிசையில், தங்கநிற மனிதன் ஒருவனை உலகம் முழுவதற்கும் 5,000 மட்டும் கலந்துவிட்டார்கள். கடைகளில் உறையைத் தடவித் தடவிப் பார்க்கும் கூட்டம் கூடியது. இதெல்லாம் நிறுவனம் திட்டமிட்டே செய்யும் வியாபாரத் தந்திரம் என்பதில் சந்தேகமில்லை.

யாரும் திட்டமிடாத சேகரிப்பும் ஒன்று உண்டு. 1997 பிப்ரவரியில் 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' என்ற சரக்குக் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அருகே பேரலையில் சிக்கி 62 கன்டெய்னர்களைக் கடலில் உதிர்த்தது. ஒன்றில் ஏறக்குறைய 48 லட்சம் லெகோ துண்டுகள். அவற்றில் நிறையக் கடல் சார்ந்தவை: ஆக்டோபஸ், கடற்புல், நீச்சல் துடுப்பு. கார்ன்வால் கடற்கரையில் இன்றும் அவை ஒதுங்குகின்றன. கறுப்பு ஆக்டோபஸ் ஒன்று கிடைத்தால் அங்கே தேடுபவர்களுக்குத் திருவிழா. பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரை ஒதுங்கிய கட்டைகளின் தேய்மானத்தை அளந்து, ஒரு கட்டை கடலில் 100 முதல் 1,300 ஆண்டு வரை கிடக்கும் என்று 2020இல் மதிப்பிட்டார்கள். வாங்கும்போது மகிழ்ச்சி தரும் அதே உறுதிதான் கடலுக்குத் தொல்லை.

துண்டு துண்டாக வாங்குபவர்களுக்கு ஒரு சந்தை தேவைப்பட்டது. 2000ஆம் ஆண்டில் டான் யெசெக் என்ற இளைஞர் தொடங்கிய பிரிக்லிங்க் அதைத் தந்தது. உங்கள் பழைய விமானத்தில் ஒரு இறக்கை காணோம் என்றால், அதே வடிவத்தில், அதே நிறத்தில் ஒற்றைத் துண்டை ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் விற்றுக்கொண்டிருப்பார். பெரும்பாலான துண்டுகளுக்கு அடியில் எண் பொறித்திருப்பதால் தேடுவது சுலபம். எட்டுக் குமிழ்க் கட்டையின் எண் 3001. அதை மனப்பாடமாகச் சொல்பவர்கள் சொந்த வீட்டுத் தொலைபேசி எண்ணுக்குத் தடுமாறுவார்கள். யெசெக் 2010இல் இறந்துவிட்டார். கைமாறிய அந்தச் சந்தையை 2019இல் லெகோ நிறுவனமே வாங்கிக்கொண்டது.

வாங்குவதைவிட வைத்துக் காப்பாற்றுவதே பெரிய வேலை. முதலில் எல்லோரும் நிறம் வாரியாகப் பிரித்து வைப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆயிரம் கறுப்புத் துண்டுகளுக்குள் ஒரு சின்னக் கறுப்புக் கொக்கியைத் தேடிப் பார்த்தால் அந்த அழகு போய்விடும். ஒரே வடிவத் துண்டுகள் நூறு நிறத்தில் கலந்து கிடந்தால் வேண்டிய நிறம் உடனே கண்ணில் படும். அதனால் அனுபவஸ்தர்கள் வடிவம் வாரியாகவே பிரிக்கிறார்கள். ஆணி, திருகு போட்டு வைக்கும் சிறு இழுப்பறைப் பெட்டிகளுக்கு இவர்கள் வீட்டில் தனி மரியாதை.

வெயில் இன்னொரு எதிரி. ஜன்னலோரம் வைத்த வெள்ளையும் நீலமும் சில ஆண்டுகளில் பழுப்பேறிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் காட்டினால் பழைய நிறம் ஓரளவு திரும்புகிறது. கெடுத்த வெயிலே சரிசெய்யவும் வேண்டியிருக்கிறது. பழுப்புச் சிவப்புக் கட்டைகளில் ஒரு காலத்தவை அழுத்தினால் உடையும் என்பதும் இவர்கள் எல்லோரும் அறிந்த குறை. தூசியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஓவியம் தீட்டும் மெல்லிய தூரிகையால் கோபுரத்தின் ஒவ்வொரு மாடத்தையும் துடைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கழியும்.

இனி பணம். மாஸ்கோவின் ஹையர் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள், 1987 முதல் 2015 வரை வெளியான 2,322 பெட்டிகளின் விலையை ஆராய்ந்து, ஆண்டுக்குச் சராசரியாக 11 சதவீத லாபம் கிடைத்ததாகக் கண்டார்கள். 'தங்கத்தைவிட லெகோ மேல்' என்று பத்திரிகைகள் கொண்டாடின. சராசரிக்குள் ஒளிந்திருந்ததை யாரும் பெரிதாக எழுதவில்லை. பாதி மதிப்பை இழந்த பெட்டிகளும் அந்தக் கணக்கில் உண்டு, 600 சதவீதம் ஏறியவையும் உண்டு. எது எந்தப் பக்கம் போகும் என்பது வாங்கும் நாளில் தெரியாது. தாஜ்மகால் அதற்குச் சாட்சி. மூலை மடங்கினாலே விலை குறையும் பெரிய அட்டைப்பெட்டிகளை ஈரம் படாமல், எலி கடிக்காமல் பத்து வருடம் காக்க இடம் வேண்டும். முதலீடு என்று நினைத்து இதில் இறங்குபவர்கள் அந்த அறைக்கான வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

விலை ஏறிய இடத்தில் திருடர்கள் வராமல் இருப்பார்களா? 2020இல் பாரிஸ் சுற்றுவட்டாரக் கடைகளைக் குறிவைத்த ஒரு லெகோ திருட்டுக் கும்பலைப் பிரெஞ்சுப் போலீசார் பிடித்தார்கள். 2024இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரே சோதனையில் 4,000க்கு மேற்பட்ட திருட்டுப் பெட்டிகள் சிக்கின. நகல் செய்பவர்களும் உண்டு. பழைய காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டதால் பொருந்தும் கட்டைகளை யார் வேண்டுமானாலும் செய்யலாம். சீனாவின் 'லெப்பின்' அதோடு நிற்காமல் பெட்டிகளையே அச்சு அசலாகக் காப்பியடித்தது. 2019இல் ஷாங்காய் போலீசார் அதன் தொழிற்சாலையில் நுழைந்து சுமார் 20 கோடி யுவான் மதிப்புள்ள சரக்கைப் பிடித்தார்கள்.

இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்கு இன்னும் கொஞ்சம் காஸ்ட்லி. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பாற்றப் போட்ட வரி அது. அதன் பாரம் ஈஃபில் கோபுரம் கட்ட ஆசைப்படுபவர் தலையிலும் சேர்ந்தே விழுகிறது. அதனால் இங்கே பலருக்கு இரண்டாம் கைதான் வழி. வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புபவர்கள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று மொத்தமாக எடைபோட்டு விற்கும் கலவைக் கட்டைகளில் நல்ல சரக்கு கிடைப்பதுண்டு. அப்படி வாங்கும்போது போலிகளும் கலந்திருக்கும். பார்த்துப் பிரிப்பது கஷ்டமில்லை: அசல் கட்டை என்றால் ஒவ்வொரு குமிழின் தலையிலும் நிறுவனத்தின் பெயர் நுண்ணெழுத்தில் பொறித்திருக்கும். மொட்டையாக இருப்பதைத் தனியே ஒதுக்கிவிடலாம்.